விழுங்கிய எழுத்து

செவ்வாயும் வியாழனும் ஏழு மணிக்கு
துவார்னெனே நூலகத்து மேல்மாடியில் வகுப்பு.
கையை மூன்று முறை கழுவிவிட்டுத்தான் போவேன்.
ஆனாலும் நான் உட்கார்ந்ததும்
யாராவது எழுந்து ஜன்னலைத் திறப்பார்கள்.
கோபமில்லை. மத்தி மீன் அப்படித்தான்,
ஆளுக்கு முன்னால் அறைக்குள் வரும்.

முதல் மாதம் முழுக்க ஆண்பால் பெண்பால்.
எங்கள் ஜார்ஜிய மொழியில்
அவன் அவள் அது மூன்றுக்கும் ஒரே சொல்.
நாற்பத்தாறு வயதுவரை
அதில் ஒரு குறையும் எனக்குத் தெரிந்ததில்லை.
இங்கே உப்பு ஆண், எண்ணெய் பெண்,
டப்பா பெண், அதன் மூடி ஆண்.
கை பெண்ணாம்,
அதில் முளைத்த ஐந்து விரலும் ஆணாம்.
ஏன் என்று கேட்டேன்.
எனோரா தோளைக் குலுக்கினாள்.
என்னைவிடப் பதினேழு வயது சின்னவள்,
பகலில் சைக்கிள் பழுது பார்ப்பவள்,
நகக்கண்ணில் கிரீஸ்.
"சங்கிலி ஏன் வலப்பக்கம் என்று
யாரும் கேட்பதில்லை, மக்வாலா. மிதியுங்கள்."

மிதித்தேன்.
ரொட்டிக் கடையில் விழுந்தேன்.
'ஒரு நீள ரொட்டி கிடைக்குமானால் மகிழ்வேன்' என்று
நான் வினையைக் கோத்து முடிப்பதற்குள்
வரிசை கதவுக்கு வெளியே போய்விட்டது.
எனக்குப் பின்னால் நின்ற பையன் சொன்னான்: "ஒண்ணு."
சூடாக வாங்கிக்கொண்டு போனான்.

'இல்லை' என்பதை இவர்கள் இரண்டாக உடைத்து
வினைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைக்கிறார்கள்,
அலமாரி தூக்க இரண்டு ஆள் நிற்பதுபோல.
புத்தகத்தில்தான் அப்படி.
தெருவில் முன்னவனைக் காணோம்.
மீன் நறுக்கும் வரிசையில் பத்து மாதம் நின்றும்
ஒருத்தி வாயிலும் அவனைக் கேட்டதில்லை.
டெஸ்ஃபாலெம் மட்டும் அவனைக் கைவிடுவதில்லை.
அவனுக்கு ஜூனில் நேர்காணல்,
மேசைக்கு அப்பால் முத்திரையோடு ஓர் அதிகாரி.

அப்புறம் வந்தது அந்தச் சொல்.
'ப்ளூஸ்' என்றால் இன்னும், அதிகம்.
அதே எழுத்துகள்தாம்.
கடைசி 'ஸ்'ஸை விழுங்கி 'ப்ளூ' என்றால்
இனி இல்லை, தீர்ந்தது.
லூர்திஷ் பேனாவைக் கீழே வைத்தாள்.
"இருப்பதும் தீர்ந்ததும் ஒரே சொல்லா?
இதற்கா நான் பணம் கட்டினேன்!"
வகுப்பு இலவசம்.

பிப்ரவரியில் கத்தி வழுக்கியது.
இடது கை, பெண். சுட்டுவிரல், ஆண்.
இரத்தம் எந்தப் பால் என்று யோசித்துக்கொண்டே
வேனில் ஏறினேன்.
ஆறு தையல்.
ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ்
தள்ளுவண்டியை நிறுத்தாமலே கேட்டாள்:
"ப்ளூ மால்?"
வலி கூடிவிட்டதா?
வலி போய்விட்டதா?
சக்கரம் கிறீச்சிட்டது.
வாலில் 'ஸ்' இருந்ததா, சக்கரம் தின்றதா, தெரியாது.
"ஆமாம்" என்றேன்.
நல்லது என்று சிரித்துவிட்டுப் போனாள்.
விடியும்வரை அந்த ஆமாமின் மேல் படுத்திருந்தேன்.

கட்டுப்போட்ட விரலோடு வியாழன் வகுப்பு.
அந்தச் சொல்லை வைத்து ஆளுக்கொரு வாக்கியம்.
லூர்திஷ்: வீட்டில் வெங்காயம் தீர்ந்துவிட்டது.
டெஸ்ஃபாலெம்: எனக்கு இன்னும் தாள் வேண்டும்.
நான் கோச்சாவைப் பற்றி எழுதினேன்.
குத்தாய்சியிலிருந்து ஞாயிறுதோறும்
கழுவிய காரின் படம் அனுப்புகிற,
வேறொன்றும் எழுதாத என் கணவர்.
சின்ன வாக்கியம்.
முன்னவனை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.
தாளில் பார்த்தால்
அவரை இன்னும் அதிகமாக நேசிக்கிறேன்.
அதே தாளில் அதே மையில்
இனி அவரை நேசிக்கவில்லை.
இருபத்திரண்டு வருடத்தில்
இவ்வளவு சரியாக எந்த மொழியிலும் நான் எழுதியதில்லை.

எனோரா என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள்.
பிழை இருந்தால் உடனே சொல்கிறவள்
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு,
"சத்தமாக வாசியுங்கள்."

நாக்கு பல்லுக்குப் பின்னால் போய் நின்றது.
துறைமுகத்தில் ஏதோ படகு மோட்டாரை அணைத்தது.
லூர்திஷ் எழுந்து போய்
ஜன்னலைச் சாத்தினாள்,
நன்றாகக் கேட்கட்டும் என்று.